கனமில்லாத ஒரு மௌஸ்

என் கணவருக்கு எந்தப் பொருளையும் கையில் தூக்கிப் பார்க்காமல் நம்பத் தெரியாது. அவருடைய பிழைப்பு அப்படி. கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் மிளகுத் தரகர். சாக்கில் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார், உள்ளங்கையில் உருட்டுவார், கொஞ்சம் மேலே எறிந்து பிடிப்பார், பிறகு ஊதுவார். ஊதினால் பறப்பதற்குப் பொள்ளு என்று பெயர். உள்ளே பருப்பே இல்லாத வெறும் தோல் மிளகு. ஒரு படியில் மிளகை நிரப்பி எடை போட்டால், எடை கூடக் கூட விலையும் கூடும். கனம் என்றால் தரம். இந்த ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டு மனிதர் பஜார் முழுக்க நல்ல பெயர் எடுத்திருக்கிறார். அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த விதியை அவர் சாயங்காலம் வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவதுதான் வருத்தம்.

எங்கள் வீட்டு இட்லிப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டும். தோசைக்கல்லைக் கழுவி மாட்டினால் ஆணி வளைகிறது. குடை ஒன்று வாங்கித் தந்தார். இரும்புக் கம்பி, மரப்பிடி, கோயில் உற்சவத்தில் சாமிக்குப் பிடிக்கலாம். கொச்சி மழையில் அதைப் பிடித்துக்கொண்டு நடப்பதற்குப் பதிலாக நான் நனைந்துகொண்டே போய்விடுவேன். கடையில் இவர் ஒரு சாமானைத் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தால் அது நல்ல சாமான் என்று நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். பாலக்காட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தபோது மட்டும் தூக்கிப் பார்க்க வசதிப்படவில்லை. சுற்றிலும் பெரியவர்கள் இருந்தார்கள். அந்தக் குறை அவருக்கு இன்னும் மனசில் இருக்கலாம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்தபடியே நாலைந்து கிடங்குகளுக்குப் பில் போட்டு, வரிக் கணக்குத் தாக்கல் செய்து தருகிறேன். நாள் முழுக்க வலது கையால் எண்களைத் தட்டிக்கொண்டிருப்பதில் மணிக்கட்டு போய்விட்டது. மூன்று வருஷமாக வலி. டாக்டர் ஓய்வு கொடுக்கச் சொன்னார். ஓய்வு என்பது எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவர் எழுதித் தரவில்லை. கணவரிடம் சொன்னபோது, மேசைமேல் பரப்பிய மிளகிலிருந்து கண்ணை எடுக்காமல், "தைலம் தேச்சுக்கோ" என்றார். தைலப் பாட்டிலும் அவர் வாங்கியதுதான். தூக்கித் தேய்ப்பதற்குள் மணிக்கட்டு இன்னொரு தரம் பிசகிவிடும்.

மகன் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபோது அவனுடைய பெரிய கம்ப்யூட்டரை வீட்டிலேயே விட்டுப் போனான். தூசி துடைக்கிறேன் என்று உட்கார்ந்தவள் அதிலிருந்த சுடும் விளையாட்டில் மாட்டிக்கொண்டேன். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். இவர்கள் அவர்களைச் சுட வேண்டும், அவர்கள் இவர்களை. இதைவிட ஆழமான கதை எதுவும் அதில் கிடையாது. டி.வி. சீரியல் பார்த்து நொந்தவளுக்கு, செத்தவன் அந்தச் சுற்று முடியும்வரைக்கும் செத்தவனாகவே இருப்பான் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லி மாளாது. முதல் மாதம் முழுவதும் நான்தான் செத்தேன். பிறகு மெல்ல மெல்ல மற்றவர்கள் சாகத் தொடங்கினார்கள்.

ஒரு வருஷத்தில் ஒரு குழுவில் சேர்ந்துகொண்டேன். கேப்டன் கும்பளங்கிக்காரன். வீட்டுக்குப் பின்னால் இறால் குளம். ஆட்டம் சூடுபிடிக்கிற நேரத்தில், "சேச்சி, இறாலுக்குத் தீனி போட்டுட்டு வந்துர்றேன்" என்று எங்களைத் துப்பாக்கியோடு நிறுத்திவிட்டுப் போவான். இன்னொருவன் வல்லார்பாடம் துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்கும் கிரேன் ஓட்டுகிறவன். மற்ற இருவரும் கல்லூரியில் படிப்பதாகச் சொல்கிறார்கள், படிப்பதை நான் பார்த்ததில்லை. ஐந்தாவது ஆள் நான். எல்லோரும் மலையாளத்தில்தான் பேசுவார்கள். அவர்கள் சொன்னதை இங்கே நான் தமிழிலேயே எழுதுகிறேன்.

குழுவில் என் வேலை நீளத் துப்பாக்கி. ஒரு மூலையில் பதுங்கி, எதிராளி எந்த வாசல் வழியாகத் தலை நீட்டுவான் என்று பார்த்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். தலை தெரிந்த நொடியில் சுட வேண்டும். இந்த வேலைக்கு இளவட்டங்களுக்குப் பொறுமை போதாது. கல்யாணமான பெண்ணுக்குக் காத்திருக்க யாரும் பயிற்சி தர வேண்டியதில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதில் எனக்கு இருக்கும் அனுபவத்தைப் பார்த்துக் கேப்டனே அசந்துபோனான். வீட்டில் வருகிறவரைச் சுட முடியாது, இங்கே சுடலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்படி இருக்கும்போதுதான் எறணாகுளத்துக் கலூரில் ஒரு போட்டி வந்தது. ஒரு ஹாலில் எல்லாக் குழுக்களும் நேரில் வந்து உட்கார்ந்து ஆடுவது. கம்ப்யூட்டர் அவர்கள் தருவார்கள், மௌஸை அவரவர் கொண்டு போக வேண்டும். மகன் விட்டுப்போன மௌஸ் அதற்குள் கிழடு தட்டியிருந்தது. ஒரு தரம் அழுத்தினால் இரண்டு தரம் சுடும், சில சமயம் சுடவே சுடாது. "நல்லதா ஒண்ணு வாங்கிடுங்க சேச்சி. எடையே இல்லாத மாதிரி இருக்கணும். அப்பத்தான் கை பறக்கும்" என்றான் கேப்டன். எனக்கும் புரிந்தது. மணிக்கட்டுக்கும் அதுதான் நல்லது. புரிந்துகொண்ட கையோடு வாயை மூடிக்கொண்டு போய் வாங்கியிருக்கலாம். காலையில் சாயா குடிக்கும்போது கணவரிடம் சொல்லித் தொலைத்தேன்.

"மௌஸா?" என்றார். "நானும் வரேன். நீயா போனா கடைக்காரன் எதையாவது உன் தலையில கட்டிடுவான்."

எறணாகுளத்தில் கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் ஒரு மாடிக் கடை. விளையாட்டுக்காரர்களுக்கென்றே ஒரு தனி அலமாரி வைத்திருந்தார்கள். கடைக்காரர் இளைஞர், மரியாதையாக நாலைந்து மௌஸ்களை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். வைத்துவிட்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் என் கணவர் சட்டைப்பையிலிருந்து தராசை எடுத்தார்.

உள்ளங்கை அளவு இருக்கும் எலக்ட்ரானிக் தராசு அது. ஏலக்காய் சாம்பிள் பார்க்கிறபோது கை சொன்னது சரிதானா என்று சரிபார்த்துக்கொள்ள எப்போதும் பையில் வைத்திருப்பார். ஒவ்வொரு மௌஸையும் முதலில் கையில் தூக்கிப் பார்த்து, பிறகு தராசில் வைத்து, எடை வரிசைப்படி மேசைமேல் அடுக்கினார். அடுக்கி முடித்து விலைச் சீட்டுகளைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. வரிசை தலைகீழாக இருந்தது. ஆகக் கனமானதற்கு ஆகக் குறைந்த விலை. எடை குறையக் குறைய விலை ஏறிக்கொண்டே போய், கடைசியில் இருந்த பஞ்சு மாதிரி ஒன்றுக்கு யானை விலை போட்டிருந்தார்கள்.

"மோனே, சீட்டை மாத்தி ஒட்டிட்டீங்க" என்றார்.

"இல்ல சார். லைட் ஆக ஆகத்தான் விலை ஜாஸ்தி."

என் கணவர் பரிதாபமாக அவரைப் பார்த்தார். பிறகு அந்த விலை உயர்ந்ததை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். அதன் முதுகெல்லாம் தேன்கூடு மாதிரி துளை துளையாக இருந்தது. எடையைக் குறைக்க அப்படிச் செய்கிறார்கள். அவர் அதை என் பக்கம் நீட்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதா பாரு. ஒரு காரியம் சொல்றேன், கேளு. இது வண்டு துளைச்ச சரக்கு. உள்ள ஒண்ணுமில்ல. சுத்தப் பொள்ளு."

"எனக்கு லைட்டாத்தான் வேணும். ஆடறவங்க எல்லாரும் அதான் சொல்றாங்க."

"பின்னே சொல்லாம? அவங்களையும் இதே மாதிரி யாராவது பறஞ்சு பத்திச்சிருப்பான்."

பறஞ்சு பத்திச்சு என்றால் பேசியே ஏமாற்றுவது. எங்கள் வீட்டுத் தமிழ் இப்படித்தான், பாதி வாக்கியத்தில் மாநில எல்லையைத் தாண்டிவிடும். கடைக்காரரும் எத்தனையோ ஆட்களைப் பார்த்தவர். தராசோடு வந்தவரிடம் என்ன விற்க வேண்டும் என்று அவருக்கு நொடியில் பிடிபட்டுவிட்டது. உள்ளே போய், அட்டைப்பெட்டி வெளுத்துப்போன ஒரு பழைய மௌஸைக் கொண்டுவந்தார். ஒரு காலத்தில் இதுவும் உயர்ந்த ரகம்தானாம். பெட்டியோடு ஒரு சின்ன டப்பா. டப்பாவுக்குள் இரும்புக் குண்டுமணிகள். மௌஸின் வயிற்றைத் திறந்து அவற்றை உள்ளே போட்டால் இன்னும் கனமாகுமாம்.

என் கணவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட நான் பார்த்ததில்லை. எடை போட வந்த இடத்தில் எடையையே தனியாகப் பெட்டி கட்டித் தருகிறார்கள். எல்லா மணிகளையும் உள்ளே போட்டு, மூடி, உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கினார். "இது சரக்கு" என்றார். நான் இன்னொரு தரம் வாயைத் திறந்தேன். அவர் கேட்கவில்லை. கடைக்காரர் மட்டும் என்னைப் பார்த்தார், பார்த்துவிட்டுச் சட்டென்று பில் போடப் போய்விட்டார். நல்ல வியாபாரி.

வீட்டுக்கு வந்ததும் அது நேராக சாமி மாடத்துக்குப் போயிற்று. புதுத் தராசு, புதுப் படி எது வாங்கினாலும் சந்தனம் குங்குமம் வைத்து ஒரு கும்பிடு போட்டுத்தான் தொழிலுக்கு எடுப்பார்கள் இவர்கள் குடும்பத்தில். மௌஸுக்கு நெற்றி எது என்று யோசித்தார். மல்லாக்கத் திருப்பியபோது அடியில் ஒரு சின்னக் கண் தெரிந்தது. சாமிக்கும் கண் முக்கியம்தானே என்று அங்கேயே சந்தனத்தை அப்பிவிட்டார். மௌஸ் மேசையைப் பார்ப்பதே அந்தக் கண்ணால்தான். அன்று சாயங்காலம் நான் எவ்வளவு தள்ளியும் திரையில் துப்பாக்கி இம்மியும் அசையவில்லை. காய்ந்துபோன சந்தனத்தை ஊசியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். அதற்குள் எங்கள் குழு இரண்டு ஆட்டம் தோற்றுவிட்டது.

சந்தனம் போன பிறகு மௌஸ் நகர்ந்தது, நகர்ந்தது என்று சொல்லலாம், அவ்வளவுதான். எதிராளி வாசலில் தலையை நீட்டுவான், நான் மௌஸைத் தள்ளுவேன், அது யோசித்துவிட்டுப் புறப்படும். கிளம்பினால் நிற்காது. அவன் தலையைத் தாண்டிப்போய்ச் சுவரைச் சுடும். ஒரு வாரத்தில் நான் சுட்ட சுவர்களுக்குக் கணக்கில்லை. ஆட்டம் முடிந்து எழுந்தால் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வலி ஏறியிருக்கும். சாதம் வடிக்கக் கை வராது.

சரி, குண்டுமணிகளையாவது எடுத்துவிடலாம் என்று ஒரு நாள் வயிற்றைத் திறந்து எல்லாவற்றையும் டப்பாவில் போட்டுவிட்டேன். மறுநாள் உட்கார்ந்தால் பழையபடியே கனம். திறந்து பார்த்தேன், மணிகள் உள்ளே இருந்தன. திரும்பவும் எடுத்தேன். திரும்பவும் வந்துவிட்டன. வீட்டில் பேய் பிசாசு இருந்தாலும் இவ்வளவு பொறுப்பாக இருக்காது. பிறகுதான் தெரிந்தது. காலையில் பஜாருக்குப் புறப்படும்முன் அவர் மேசைப் பக்கமாக வந்து அதை ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டுப் போகிறார். கை உடனே சொல்லிவிடுகிறது. மணிகள் தானாகக் கழன்றுவிட்டன என்று நினைத்துக்கொண்டு, பாவம், எனக்குச் சிரமம் வேண்டாமென்று அவரே திரும்பப் போட்டு மூடிவிடுகிறார்.

இதில் கோபப்படுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. சண்டை போடலாம்தான். சண்டைக்கு நான் அஞ்சுகிறவள் இல்லை, அவருக்கே தெரியும். ஆனால் அவர் பஜார் பூராவும் சொல்லி வைத்திருந்தார். வீட்டுக்காரி போட்டிக்குப் போகிறாள், மௌஸ் தன்னுடைய தேர்வு என்று. மிளகு விலை விழுந்து கிடந்த மாதம் அது. வேறு எதிலும் அந்த மனிதருக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு "உங்கள் சரக்கு மட்டம்" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மனசு வரவில்லையே தவிர, மனசுக்குள் திட்டாமல் ஒரு நாளும் போகவில்லை.

கடைசியில் கேப்டன் போன் செய்தான். அவன் நேரடியாகப் பேசுகிறவன், அன்றைக்கு இறால் விலையிலிருந்து தொடங்கினான். அப்போதே விஷயம் நல்லதில்லை என்று தெரிந்துவிட்டது.

"சேச்சி, தப்பா நினைக்காதீங்க. கை லேட் ஆகுது. கலூருக்கு உங்களை ரிசர்வ்ல வெச்சுக்கலாமான்னு பசங்க கேக்கறாங்க. என் சித்தப்பா மகன் ஒருத்தன் இருக்கான், அவன் ஆடட்டும். யாருக்காவது முடியலன்னா நீங்க."

"சரி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்துவிட்டு அழுதேன். நாற்பத்தைந்து வயதுக்காரி ஒரு விளையாட்டுக்காக அழுதாள் என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். நான் இன்னாருக்கு மகள், இன்னாருக்கு மனைவி, இன்னாருக்கு அம்மா. கிடங்குக்காரர்களுக்கு நான் இன்னாருடைய வீட்டுக்காரி. யாருக்கும் எதுவுமாக இல்லாமல், என் கைக்காக மட்டும் எனக்குக் கிடைத்த ஒரே இடம் அந்த ஐந்தில் ஒன்று. அதையும் இரும்பு மணி போட்டு மூடினால் நான் எங்கே போவேன். அவசரமாக அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து முடிவு செய்யலாமா என்று கேப்டனுக்குச் செய்தி அனுப்பினேன். சரி என்றான்.

மறுநாள் அவர் பஜாருக்குப் போன பிறகு நான் தனியாக அந்த மாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என்னை ஞாபகம் இருந்தது. என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"தராசு வரலியா சேச்சி?"

"இல்ல. அந்த ஓட்டை விழுந்ததை எடுங்க."

கையில் வாங்கினேன். எதையும் வாங்கின மாதிரியே இல்லை. மேசையில் வைத்து இப்படியும் அப்படியும் நகர்த்தினேன், நான் நினைத்த இடத்துக்கு நினைத்தவுடன் போயிற்று. வலி இல்லை. ஒரு வேலையைச் செய்யும்போது வலிக்காமல் இருப்பது எப்படி இருக்கும் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். என் கண் கலங்கியதைப் பார்த்து, விலையைக் கேட்டுத்தான் கலங்குகிறேன் என்று நினைத்துக் கடைக்காரர் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். நானும் மறுக்கவில்லை. என் சம்பாத்தியத்தில், என் கை பார்த்து, நானே வாங்கின முதல் சாமான் அது. வீட்டில் அதை ஒளித்து வைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. மேசை இழுப்பறையில் மேலாகவே கிடந்தது. கனமில்லாத பொருள் அவர் கண்ணில் படாது.

ஒரு வாரம் ஆடினேன். சுவர்கள் தப்பித்தன. தலைகள் தப்பவில்லை. வாரக் கடைசியில் கேப்டன் சொன்னான்: "சேச்சி, ரிசர்வ் பேச்சை மறந்துடுங்க. ஆனா ஒண்ணு, இந்த மௌஸ்தான் வரணும். அந்தப் பழைய குண்டை எடுத்துட்டு வந்தீங்கன்னா சித்தப்பா மகனைத்தான் உட்கார வைப்பேன். பேக்ல போட்டு ரெடியா கூட்டிட்டு வரேன்." சித்தப்பா மகனைத்தான் சொன்னான். பேக்கில் போடுகிற அளவுக்கு ஒல்லியாம்.

கலூர் போட்டியில் கோப்பை எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதை எதிர்பார்த்துப் படிக்கிறவர்கள் ஏமாற வேண்டாமென்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். எங்களைவிடப் பொடியன்கள் வந்து எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் எழுத உட்கார்ந்தது முதல் ஆட்டம் தொடங்குவதற்கு முந்தைய சில நிமிஷங்களைப் பற்றி.

அவர் வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். பஜாருக்கு லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், ஸ்கூட்டரில் என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மௌஸை என் பையில் போட விடவில்லை. பெட்டியோடு, மணி டப்பாவோடு, ஒரு துணிப்பையில் சுற்றித் தன் தோளிலேயே மாட்டிக்கொண்டார். என்னுடையது என் கைப்பைக்குள், கைக்குட்டைக்கு அடியில் கிடந்தது. வழி நெடுக அவர் உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார். நான் பின்னால் உட்கார்ந்து, யாருடைய முகத்தை இன்றைக்கு வாட விடுவது, என்னுடையதா அவருடையதா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஹாலில் கேப்டனை முதல்முறையாக நேரில் பார்த்தேன். குரலுக்குச் சம்பந்தமே இல்லாமல் நெட்டையாக இருந்தான். பக்கத்தில் சித்தப்பா மகன், உட்காரத் தயாராக நின்றுகொண்டிருந்தான். எங்கள் மேசையில் ஐந்து நாற்காலி. நான் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்ததும் கணவர் துணிப்பையைப் பிரித்து, தன் மௌஸை எடுத்து, பலகாரத் தட்டை வைப்பதுபோல என் முன்னால் வைத்தார். கேப்டன் அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சித்தப்பா மகன் ஒரு அடி முன்னால் வந்தான்.

நான் கைப்பையைத் திறந்து என்னுடையதை எடுத்தேன். ஒயரைச் செருகினேன். இவருடையதை மெதுவாக ஓரமாகத் தள்ளினேன்.

சிறிது நேரம் அவருக்குப் புரியவில்லை. பிறகு குனிந்து அந்த ஓட்டை மௌஸை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பழக்கதோஷம், லேசாக ஊதியும் பார்த்தார்.

"இது பொள்ளாச்சே" என்றார்.

"பொள்ளுதான்."

"நம்ம மௌஸுக்கு என்ன கேடு?"

"கனமா இருக்கு."

"கனமாத்தானே இருக்கணும்?" உண்மையாகவே கேட்டார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்குக் கை வலிக்குது" என்றேன்.

"எப்பலேர்ந்து?"

"மூணு வருஷமா."

"நீ சொல்லலியே."

"சொன்னேன். எத்தனையோ தரம் சொன்னேன். நீங்க மிளகு பாத்திட்டிருந்தீங்க."

நான் மெதுவாகத்தான் சொன்னேன். இருந்தும் கேப்டன் தலையைத் திருப்பிக்கொண்டான். கல்லூரிப் பையன்கள் இருவரும் சட்டென்று திரையில் ஏதோ முக்கியமானதைப் பார்க்கத் தொடங்கினார்கள். அதில் அப்போது வெறும் விளம்பரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. கிரேன்காரன் மட்டும் நாகரிகம் தெரியாமல் எங்களையே பார்த்தான்.

அவர் மௌஸை மேசைமேல் வைத்தார். என் வலது கையை எடுத்தார். எடுத்து, தன் இடது உள்ளங்கையில் மல்லாக்க வைத்து, இன்னொரு கையின் கட்டை விரலால் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே வந்தார். எங்கே வலிக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. விரல் நேராக அந்த வீங்கின இடத்துக்கு வந்து நின்றது. லேசாக அழுத்தினார். எனக்கு உயிர் போயிற்று. கத்தவில்லை, ஆனால் கை துள்ளியது அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் முகத்தை நான் பார்த்தேன். மட்டமான சரக்கைப் பார்க்கும் முகமில்லை அது. தான் பார்க்காமல் விட்டது என்ன என்று தெரிந்துகொண்டவரின் முகம். எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம் இருந்தது, அந்தக் கோபம் அப்படியே இருக்க, கூடவே அழுகையும் வந்தது.

"நமக்குத் திரும்பிப் போயிடலாமா?" என்றார். "டாக்டரைப் பாக்கலாம்."

"நாளைக்குப் பாக்கலாம். இன்னிக்கு நான் ஆடணும்."

அவர் தலையாட்டினார். ஆனால் நகரவில்லை. ஒலிபெருக்கியில் எங்கள் குழுவின் பெயரைக் கூப்பிட்டார்கள், கேப்டன் தலையில் ஹெட்செட்டை மாட்டினான், எதிர்க்குழு நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. என் கை இன்னும் அவர் உள்ளங்கையில்தான் இருந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் என் கையை அவ்வளவு நேரம் பிடித்திருந்ததில்லை. நான்தான் விடச் சொல்ல வேண்டியிருந்தது.